‘புடிக்கல’, ‘புடிக்காது’

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவளிடம் பேனாவைக் கொடுத்தால் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, ‘எங்கள் காலத்தில்’ என்று ஆரம்பிப்பாள். இன்னொன்று, நிறுத்த மாட்டாள். முதலாவதற்கு நீங்கள் பயப்பட வேண்டாம். நான் சொல்லப்போவது கொரோனாவுக்குப் பிறகு நடந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே சிதம்பரம் ஆய்வகத்தில், ஜன்னலோரம் இருக்கிற அதே நுண்ணோக்கியில்தான் தொடங்கியது. இரண்டாவதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

செல்லை எப்படி வளர்ப்பது, எப்படி உறைய வைப்பது என்பதையெல்லாம் சுகன்யா சொல்லித் தருவாள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவாள். எனக்குப் பொறுமை கிடையாது, ஒரு தடவைக்கு மேல் கேட்டால் முறைப்பேன். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. நாம் எல்லோரும் தினமும் சொல்கிற சொல்தான். ‘புடிக்கல.’

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். மழைக்காலத்துச் சளி வைரஸ் ஒன்று சில குழந்தைகளுக்கு மூக்கொழுகலோடு போய்விடுகிறது; சில குழந்தைகளை ஆக்சிஜன் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது. ஏன் என்று பார்க்க வேண்டும். அதற்காகக் குழந்தைகளின் மூக்குக்குள் மெல்லிய பிரஷ் ஒன்றை விட்டு லேசாகத் துடைத்துக் கொஞ்சம் செல்களை எடுப்போம். அவற்றை மெல்லிய வலைமேல் பரப்பி, அடியில் சத்துநீரும் மேலே காற்றும் படும்படி வைத்தால், சில வாரங்களில் அவை மூக்கின் உட்சுவர் மாதிரியே வளர்ந்துவிடும். மேலே பொடிப்பொடியாக நுண்மயிர்கள் முளைக்கும். எல்லாம் ஒரே பக்கமாக அசையும். முதல் தடவை அதைப் பார்த்த அன்றைக்கு நான் சாப்பிடப் போக மறந்துவிட்டேன். இந்தச் சளி வைரஸ் பெரும்பாலும் அந்த மயிர் உள்ள செல்களில்தான் இறங்கும். வளர்ந்த செல்களின் மேல் வைரஸை விட்டு, பெருகுகிறதா என்று பார்ப்போம். பெருகினால் ‘புடிச்சிருக்கு’. பெருகாவிட்டால் ‘புடிக்கல’. ஆய்வகப் பேச்சு அவ்வளவுதான்.

சிதம்பரத்துக் குழந்தைகளின் செல்கள் எடுத்த கையோடு ஆய்வகத்துக்கு வந்துவிடும். கடலூர்க் கடற்கரையில் இருக்கும் தேவனாம்பட்டினத்துக் குழந்தைகளுடையதை எங்கள் களப்பணியாளர் சேகர் எடுத்து, கடலூரிலேயே உறைய வைத்துவிடுவார். மழைக்காலத்தில் எந்தப் பஸ் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, செல் கெட்டுப்போய்விடும் என்பதால் அந்த ஏற்பாடு. பிறகு மொத்தமாகத் திரவ நைட்ரஜன் உருளையில் சிதம்பரம் வரும். நாங்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கி வளர்ப்போம். அதற்கு ‘எழுப்புறது’ என்று பெயர். எழுப்பியதும் சாயம் போட்டுப் பார்ப்போம். உயிரோடு இருந்தன. உயிரோடு இருக்கிறதே, அப்புறம் என்ன என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

முடிவுகள் வர ஆரம்பித்ததும் ஆய்வகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. சிதம்பரத்துக் குழந்தைகளின் செல்களில் வைரஸ் நன்றாகப் பிடித்தது. தேவனாம்பட்டினத்துக் குழந்தைகளின் செல்களில் பிடிக்கவே இல்லை. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உப்புக்காற்று என்றார் ஒருவர். மீன் சாப்பாடு என்றார் இன்னொருவர். பரம்பரையாக வந்த ஏதோ ஒன்று என்று எங்கள் துறைத் தலைவரே சொன்னார். அவர் பெயரை எழுதினால் இன்றைக்கும் போன் போட்டுத் திட்டுவார், அதனால் தலைவர் என்றே வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு கூட்டத்தில் இதைப் பேசுவதாக ஒப்புக்கொண்டு, திரையில் காட்டும் படங்களையெல்லாம் தயார் செய்திருந்தார். முதல் படத்திலேயே பெரிய எழுத்தில், கடற்கரைக் குழந்தைகளுக்கு இயற்கைப் பாதுகாப்பு உண்டு என்று போட்டிருந்தார்.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை சுகன்யா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அப்போது அவள் எங்களிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இந்த வேலைதான் அவளுடைய பட்டத்துக்கான வேலை.

“மேடம், லேபிள் மாறிப்போச்சின்னு நெனக்கிறேன். யாழினி, முகிலன்னு ரெண்டு சாம்பிள். தேவனாம்பட்டினம்தான். அக்கா, தம்பி. ஒரே வீடு. தம்பிக்குப் புடிக்கல. அக்காவுக்குச் சும்மா பிச்சிக்கிட்டுப் போவுது. இது நம்ம சிதம்பரத்துப் பிள்ளையோடதா இருக்கும். எடுத்துடவா?”

அவள் மேல் தப்பில்லை. ஒரு வரிசை முழுக்க ஒரே மாதிரி வந்து, ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் அதைத் தூக்கிப் போடத்தான் கை போகும். எனக்கும் போயிருக்கிறது. ஆனால் சுகன்யா லேபிள் விஷயத்தில் ராட்சசி. அவள் பெயர் எழுதி மாறிப்போனது என்றால் என்னால் நம்ப முடியவில்லை. நுண்ணோக்கியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். யாழினியின் செல்கள் அலையலையாக அசைந்துகொண்டிருந்தன. முகிலனுடையவை உயிரோடுதான் இருந்தன, வலையை நிரப்பித்தான் இருந்தன. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மயிர் இருந்தது. மீதியெல்லாம் வழித்துவிட்ட தரை மாதிரி சும்மா கிடந்தது.

சேகருக்குப் போன் போட்டேன். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் இருந்தார். பின்னாலே லாரி ஹாரன் சத்தம்.

“சேகரு, யாழினின்னு ஒரு பொண்ணு சாம்பிள். அது எப்படி இங்க வந்துச்சி?”

“அதுவா மேடம்? அன்னைக்கு நம்ம வண்டி காலியா சிதம்பரம் வந்துச்சி. சரி, ஒரு மணி நேரத்துல போயிடுமேன்னு உறைய வைக்காம அப்பிடியே குளிர்பெட்டியில குடுத்து அனுப்பிட்டேன். ஏன் மேடம், கெட்டுப்போச்சா?”

கெட்டுப்போகவில்லை. அந்த ஊரிலிருந்து உறையாமல் வந்தது அது ஒன்றுதான்; சிதம்பரத்துச் சாம்பிள்களோடு சேர்த்து வளர்த்ததில் அதை யாரும் யோசிக்கவில்லை. நாங்கள் இத்தனை மாதம் கடற்கரைக் குழந்தையையும் உள்ளூர்க் குழந்தையையும் ஒப்பிடவில்லை. உறைந்து எழுந்த செல்லையும் உறையாத செல்லையும் ஒப்பிட்டிருக்கிறோம் போலிருக்கிறது. மயிர் சரியாக முளைக்காத செல்லில் வைரஸுக்கு இறங்க இடம் ஏது? பிடிக்காததற்குப் பிள்ளை காரணமில்லை, நாங்கள் வைத்த குளிர்தான் காரணமாக இருக்கலாம்.

போனை வைக்கப் போனேன். சேகர் சந்தோஷமாகச் சொன்னார்.

“மேடம், அந்தப் புள்ளைங்களோட அம்மா கலா இருக்காங்கல்ல, அவுங்களுக்கு ஒரே சந்தோஷம். சுகன்யா மேடம் போன வாரம் சொன்னாங்கல்ல புடிக்கலன்னு. நான் போயிச் சொல்லிட்டேன், ஒங்க பையனுக்கு அந்த வைரஸ் புடிக்காதாம்மான்னு. பாவம், கொறமாசத்துல பொறந்த புள்ள. எங்கயும் தூக்கிக்கினு போவக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி, வூட்டுலயே அடஞ்சி கெடந்தாங்க. இப்பதான் பண்ருட்டியில சொந்தக்காரங்க கல்யாணத்துக்குத் தூக்கிக்கினு போயிட்டு வந்தாங்க.”

நீங்கள் கவனித்தீர்களா? சுகன்யா சொன்னது ‘புடிக்கல’. சேகர் சொன்னது ‘புடிக்காது’. கடைசியில் ஒரு துண்டுதான் மாறியிருக்கிறது. அன்றைக்கு, அந்த வலையில், அந்தச் செல்லில் பிடிக்கவில்லை என்பது ஒரு தாயின் காதுக்குப் போவதற்குள், என் பிள்ளைக்கு எப்போதும் பிடிக்காது என்று ஆகிவிட்டது. சேகரை நான் என்னவென்று திட்டுவது? எங்கள் தலைவரின் முதல் படத்தில் பெரிய எழுத்தில் இருந்ததும் அதேதான். சேகர் தமிழில் சொன்னார், நாங்கள் இங்கிலீஷில் சொல்லத் தயாராக இருந்தோம்.

“சேகரு, இப்பவே அவுங்களுக்குப் போன் பண்ணிக் குடுங்க,” என்றேன். கலாவின் நம்பர் என்று எங்களிடம் இருந்தது அவள் கணவனுடையது. அவன் படகில் போயிருந்தான். கிடைக்கவில்லை.

தலைவரின் அறைக்குப் போனேன். சுகன்யாவும் பின்னாலேயே வந்தாள். அவருக்கு ஒரு பழக்கம். கெட்ட செய்தி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அன்றைக்கும் மூடிக்கொண்டார்.

“மெஹரு, ஒரே ஒரு சாம்பிள வச்சி எல்லாத்தையும் கலைக்கச் சொல்ற. மறுபடி செஞ்சி பாப்போம். ஒரே ஆளோட செல்லப் பாதி உறைய வச்சி, பாதி அப்பிடியே வளத்துப் பாப்போம். தெளிவாத் தெரிஞ்சப்பறம் அந்த அம்மாகிட்டப் போலாம். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு சொன்னா நம்மள எவன் நம்புவான்?”

“செல் வளரவே வாரக்கணக்குல ஆகும் சார். சளி அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?”

சுகன்யா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவளுடைய பட்டமும் சேர்ந்துதான் அந்த மேஜைமேல் இருந்தது.

“அந்தப் பையனுக்குப் புடிக்கும்னு ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டார் தலைவர்.

“தெரியாது சார்.”

“புடிக்காதுன்னு?”

“அதுவும் தெரியாது.”

கண்ணைத் திறந்தார். “அப்ப அதயே போயிச் சொல்லு. நமக்குத் தெரியாதுன்னு சொல்லு. தெரிஞ்ச மாதிரி சொன்னது தப்புன்னு சொல்லு. எவன் கேட்டாலும் எங்கிட்ட வரச் சொல்லு. போ, பஸ்ஸப் புடி.”

எத்தனையோ வருஷம் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்த நிமிஷத்துக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். சண்டையைப் பிறகு தொடர்ந்தோம், அது வேறு.

கடலூர் பஸ்ஸில் நானும் சுகன்யாவும் உட்கார்ந்தோம். வழியெல்லாம் கலாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தேன். செல் என்றால் என்ன, உறைய வைப்பது என்றால் என்ன, அதனால் என்ன ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். சுகன்யா திடீரென்று, “மேடம், நான் சேகரண்ணன்கிட்ட சொல்லியிருக்கவே கூடாது,” என்று அழுதாள். “அழுவறத அப்பறம் வச்சிக்கலாம், டிக்கெட்ட பத்திரமா வை, கணக்குக் காட்டணும்,” என்றேன். எனக்கு ஆறுதல் சொல்ல அவ்வளவுதான் வரும்.

கடலூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துத் தேவனாம்பட்டினம் போனோம். கலா மஞ்சக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். பிள்ளை பிறந்ததிலிருந்தே லீவில் வீட்டில்தான் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க மேடம், சிதம்பரத்துலேருந்து இம்மாந்தூரமா? ஒக்காருங்க, காப்பி போடுறேன்.”

குழந்தை தூளியில் இருந்தான். நான் எட்டிப் பார்த்தேன். டாக்டர் இல்லை நான். ஆனால் குழந்தைகள் வார்டில் சாம்பிளுக்காகப் போய்ப் போய்ச் சிலது கண்ணுக்குப் பழகியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விரிந்து விரிந்து மூடியது.

“எப்பலேருந்து இப்பிடி இருக்கான் கலா?”

“கல்யாணத்துலேருந்து வந்தப்பறம்தான் மேடம். லேசாச் சளி. பாலு சரியாக் குடிக்க மாட்டேங்குறான், பல்லு மொளைக்குதுபோல. முன்னமாதிரி இருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரிக்கித் தூக்கிக்கினு ஓடியிருப்பேன். அதான் புடிக்காதுன்னு சொல்லிட்டீங்களே, ஒங்க புண்ணியத்துல தைரியமா இருக்குறேன்.”

பஸ்ஸில் கட்டிய வாக்கியம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அல்லா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“கலா, நாங்க சொன்னது தப்பும்மா. அவனுக்குப் புடிக்கலாம். புள்ளயத் தூக்கு, இப்பவே ஆஸ்பத்திரி போவணும்.”

சிரிப்பு மட்டும் அப்படியே நின்றுபோன முகத்தோடு அவள் குழந்தையைத் தூளியிலிருந்து அள்ளினாள். யாழினியைப் பக்கத்து வீட்டில் விட்டோம். நாங்கள் வந்த ஷேர் ஆட்டோ இன்னும் ஆள் சேராமல் முனையிலேயே நின்றிருந்தது. சுகன்யா ஓடிப்போய் மொத்த ஆட்டோவையும் பேசிவிட்டாள்.

முகிலனுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். சில நாளில் அவன் பால் குடிக்க ஆரம்பித்தான். பால் குடித்த அன்றைக்குத்தான் கலா என்னோடு பேசினாள். அதுவரைக்கும் நான் வார்டுக்குப் போவதும், அவள் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தது.

“ஏன் மேடம் அப்பிடிச் சொன்னீங்க?” என்றாள். அப்போதுதான் சொன்னேன். பிரஷ், உறைய வைக்கிறது, எழுப்புறது, மயிர் முளைக்காதது எல்லாம். படிக்கிற பிள்ளை மாதிரி கவனமாகக் கேட்டாள்.

“இனிமே தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க மேடம். பயமாத்தான் இருக்கும். பயந்தா நானே ஓடிக்குவேன். நீங்க சொன்னது எனக்குப் பயத்த எடுத்துடுச்சி.” குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, “இவன் தேறட்டும். மறுபடியும் எடுங்க. இந்தத் தடவ ஒழுங்காப் பாருங்க,” என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மறுபடியும் எடுக்கச் சொன்னதுதான் என்னை அழவைத்தது.

சிதம்பரம் திரும்பியதும், அடுத்த குழந்தையின் மூக்கில் கை வைப்பதற்கு முன் எங்கள் மூக்கிலேயே வைப்பது என்று முடிவு செய்தோம். அனுமதியெல்லாம் முறையாக வாங்கினோம். தலைவர், நான், சுகன்யா, சேகர், இன்னும் விருப்பப்பட்டவர்கள். தலைவர் தும்மியதில் சுகன்யாவின் கையிலிருந்த பிரஷ் பறந்தது. இத்தனை குழந்தைகள் இதைத் தாங்கினார்களே என்று அன்றைக்குத்தான் அவருக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது. ஒவ்வொருவருடைய செல்லிலும் பாதியை அப்படியே வளர்த்தோம், பாதியை உறைய வைத்து எழுப்பி வளர்த்தோம்.

சந்தேகப்பட்டபடியே ஆயிற்று. ஒரே மூக்கு, ஒரே ஆள், ஆனால் உறைந்து எழுந்த பாதியில் பலருக்கு மயிர் குறைவு, வைரஸும் மந்தமாகவே பிடித்தது. எல்லோருக்கும் அப்படியில்லை. சேகருடைய செல்கள் உறைந்து எழுந்தும் ஜோராக அசைந்தன. “ஐயாவோட மூக்கு எந்தக் குளிரையும் தாங்கும்” என்று ஒரு மாதம் எங்களை இம்சை செய்தார். ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதே எங்களுக்கு ஒரு பாடம்.

உறைய வைப்பதே கூடாது என்று நீங்கள் முடிவுகட்டிவிட வேண்டாம். முதலில் நானும் அப்படித்தான் கோபத்தில் சொன்னேன். சுகன்யாதான் விடவில்லை. “குளிர் மேல என்ன மேடம் தப்பு, நாம அத கவனிக்காததுதானே தப்பு,” என்றாள். செல் ரொம்பப் பெருகிக் களைப்பதற்கு முன்னாலேயே உறைய வைத்துப் பார்த்தாள். எழுப்பியபின் அவசரப்படாமல் கூடுதல் நாள் கொடுத்தாள். உயிரோடு இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் வைரஸை விட்டாள். முக்கியமாக, ஒப்பிடுவதென்றால் இரண்டு பக்கமும் உறைந்தது, இல்லையென்றால் இரண்டு பக்கமும் உறையாதது. மெல்ல மெல்ல அவள் எழுப்பிய செல்களும் நன்றாக அசைய ஆரம்பித்தன. இன்றைக்குப் புயல் வந்து ரோடு அடைத்தாலும் கடலூர்ப் பிள்ளைகளின் சாம்பிள் வீணாவதில்லை என்றால் அது அவளால்தான்.

அப்படிப் பார்த்தபோது தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளுக்கும் சிதம்பரத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. உப்புக்காற்றும் மீனும் கைவிட்டுவிட்டன. தலைவர் சென்னைக்குப் போனார். முதல் படத்தைத் தூக்கிவிட்டு, நாங்கள் எப்படி ஏமாந்தோம் என்பதையே பேசினார். கைதட்டல் கம்மி, கேள்வி ஜாஸ்தி என்று திரும்பி வந்து சொன்னார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அவரவர் ஆய்வகத்தில் திரும்பப் போய்ப் பார்க்கப் போவதாகப் பலபேர் சொன்னார்களாம். சுகன்யாவின் பட்டமும் அந்த வேலையிலிருந்துதான் வந்தது. நீங்கள் இப்போது எழுப்புகிற முறை அவள் வகுத்த முறைதான். அதைச் செய்யும்போது அலுத்துக்கொள்ளாதீர்கள்.

போன மாதம் கடலூரில் ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனேன். கலா வேலை பார்க்கிற கடைதான். இப்போது அங்கே அவள் புடவைப் பிரிவுக்கே பொறுப்பு. ஸ்கூல் லீவு என்று முகிலனும் கூட வந்திருந்தான். குறைமாதத்தில் பிறந்தவன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மூக்கில் சளி ஒழுக, அடுக்கி வைத்த துணிக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தான்.

“மச்சான், வா இங்க,” என்று கேலியாகக் கூப்பிட்டுக் கை நீட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கலாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். கலா பிரித்துப்போட்ட புடவையை மடித்துக்கொண்டே குறும்பாகச் சொன்னாள்.

“இவனுக்கு ஊருல இருக்குற எல்லாச் சளியும் புடிக்கும் மேடம். ஒங்களத்தான் புடிக்காதுபோல.”

“புடிக்கலன்னு சொல்லு கலா,” என்றேன். “புடிக்காதுன்னு சொல்லாத.”

அவள் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. முகிலன் மெல்லத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தான்.